பைக்கு விலை வைத்தார்கள்; பழியை எவர் தலையில் வைத்தார்கள்?

மக்களுக்குச் சுத்த உணர்ச்சி போதாது. கண்ட இடத்திலெல்லாம் பொலித்தீன் பையை வீசுகின்றனர். ஆதலாற்றான் ஆறு கெட்டது, கடல் கெட்டது, நாடே நாறுகிறது. கொழும்பிலிருந்து புறப்பட்டு வரும் சுற்றாடல் உபதேசத்தின் சாரம் இதுதான். கருத்தரங்கு மேடையிலே இதனைக் கேட்கிறோம். சுவரொட்டியிலே இதனைக் காண்கிறோம். பாடசாலைப் பிள்ளைகளின் சித்திரப் போட்டிக்கும் இதுவே பொருள். களுதாவளைக்கும் அவ்வுபதேசம் வந்து சேர்ந்துவிட்டது. வரட்டும், நல்ல வார்த்தையை மறிப்பவர்களல்லர் நாம். ஆயினும் உபதேசிக்க வந்தவர்களை நிறுத்தி ஒரு கேள்வி கேட்க எமக்கு உரிமை உண்டு. எறிந்தவனைத் தேடி இத்தனை தூரம் வந்தீர்களே, செய்தவனைத் தேடி எங்கே போனீர்கள்?

பொலித்தீன் களுதாவளையில் விளையும் பண்டமன்று. இங்கே விளைவது வெற்றிலை. கத்தரியும் மிளகாயும் விளைகின்றன. கிழக்கே வங்கக் கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை மணலிலே கிணறு தோண்டி, நீர் இறைத்து, கொடிக்கு நிழல் கொடுத்து, இலை கிள்ளி அடுக்கிச் சந்தைக்கு அனுப்பும் உழைப்பாளரின் ஊர் இது. மாரியிலே பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேலே மிதந்து நிற்கிறதே, அந்த நன்னீர்ப் படலமே எம் தோட்டத்துக்கும் உயிர். அடுப்படிக் குடத்துக்கும் உயிர். மேலே எதைக் கொட்டினாலும் விரைவிற் கீழே இறங்கிவிடும் மண் இது.

இத்தகைய நிலத்திலே பொலித்தீன் தாள் ஒன்று புதைந்தால் நேர்வதென்ன? மழைநீர் இறங்கும் வழியை அது மறிக்கும். வேர் ஓடும் வழியையும் மறிக்கும். வெயிலில் அது உக்காது; நொறுங்கும். நொறுங்கிய துகள் கண்ணுக்குத் தெரியாதபடியால் தொலைந்தது சனியன் என்று நாம் எண்ணிக்கொள்வோம். அதுவோ மணலோடு மணலாய்க் கலந்து, வெள்ளத்தோடு வாவிக்குட் சென்று, மீனின் வாய்க்குள்ளே நுழையும். 50 கிலோமீற்றருக்கும் மேலாக நீண்டு கிடக்கும் எம் வாவிக்குக் கடலைச் சேரும் வாய்கள் இரண்டே உண்டு. ஒன்று பாலமீன்மடுவில், மற்றொன்று தெற்கே கல்லாற்றில். மழையற்ற காலத்தில் மணற்றிட்டு அவ்வாய்களை அடைத்துக்கொள்ளும். வெள்ளம் பெருகி உடைத்தாலன்றி, அல்லது ஆட்கள் கூடி வெட்டிவிட்டாலன்றி, உள்ளே சேர்ந்தது வெளியே போகாது. கரையூர்கள் வாவிக்குள் விடுவதெல்லாம் மாதக்கணக்கில் வாவிக்குள்ளேயே கிடந்து உழலும். வலை இழுக்கும் தோணிக்காரனைக் கேட்டுப் பாருங்கள். இறாலோடு எத்தனை பை வருகிறதென்று அவன் சொல்வான்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். சட்டத்துக்கு இந்நாட்டில் என்றைக்குப் பஞ்சம்? 2007 ஜனவரி 1ஆம் திகதி முதல் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீன் தடை செய்யப்பட்டது. தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். அதில் மூன்றிலொரு பங்கிலும் மெல்லிய தாளைக் கடைக்காரன் எந்தக் கோல் கொண்டு அளப்பான்? வாங்க வந்த ஆச்சி எந்தக் கண்கொண்டு காண்பாள்? தடை வந்தது, பையும் வந்துகொண்டேயிருந்தது. பத்தாண்டு சென்றது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொழும்பின் மீதொட்டமுல்லையிலே குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட ஏழைகளை உயிரோடு புதைத்தது. அதன் பின்னரே அரசு கண் விழித்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் உணவு சுற்றும் லஞ்ச் சீற் தடை. ரிஜிபோம் பெட்டி தடை. உயரடர்த்திப் பொலித்தீனாற் செய்த சொப்பிங் பை தடை. வெளியிலே பிளாஸ்டிக் எரித்தலும் தடை.

ஆனாற் சூட்சுமத்தைப் பாருங்கள்! உயரடர்த்திப் பொலித்தீனுக்குக் கதவை அடைத்தவர்கள், தாழடர்த்திப் பொலித்தீனுக்கு யன்னலைத் திறந்தே விட்டார்கள். அதே ஆலை, அதே கைபிடி, அதே பை. மூலப்பொருளின் பெயரொன்றே வேறு. 2021 மார்ச் 31இல் சிறு சஷே பொதிகளுக்கும் கிருமிநாசினிப் போத்தல் வகைகள் சிலவற்றுக்கும் தடை வந்தது. 2023 ஒக்டோபர் 1இல் உறிஞ்சுகுழலுக்கும் கரண்டிக்கும் மாலைக்கும் இடியப்பத் தட்டுக்கும் தடை வந்தது. இடியப்பத் தட்டை மறவாத வர்த்தமானி, சந்தையெங்கும் பறந்து திரியும் பையை மட்டும் மறந்துபோன விந்தையை என்னென்பது!

இறுதியாக 2025 நவம்பர் 1ஆம் திகதி முதல் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் கட்டளை நடைமுறைக்கு வந்தது. இனிமேற் கைபிடியுள்ள பொலித்தீன் பையை எந்த வியாபாரியும் இலவசமாகக் கொடுத்தலாகாது, விலையைக் காட்சிக்கு வைக்கவேண்டும், பற்றுச்சீட்டிலும் காட்டவேண்டும். நல்லது. இலவசம் என்ற மயக்கம் தெளியட்டும் என்று நாமும் சொல்கிறோம். ஆனால், வாங்குபவனிடமிருந்து வாங்கும் அந்தப் பணம் போய்ச் சேருமிடம் எது? அரசாங்கத் திறைசேரியன்று. குப்பை அள்ளும் பிரதேச சபையுமன்று. வியாபாரியின் காசுப் பெட்டி! நேற்றுவரை பைக்கான செலவைத் தன் இலாபத்திலே தாங்கிய பெருங்கடைக்காரன், இன்று அதே பையை விற்று அதிலேயும் இலாபம் காண்கிறான். குறைய வேண்டிய பண்டத்தை விற்பனைப் பண்டமாக்கிவிட்டு, அதற்குச் சுற்றாடற் பாதுகாப்பென்று நாமகரணமும் சூட்டியாயிற்று. பற்றுச்சீட்டென்பதையே கண்டிராத ஊர்க்கடையிலும், தெருவோர மீன் வியாபாரத்திலும் இக்கட்டளை எவ்வாறு செல்லுமென்பதை எழுதியவர்களே வந்து காட்டட்டும்.

அயர்லாந்து தேசத்திலும் பைக்கு விலை வைத்தார்கள். 2002 மார்ச் மாதம் தொடக்கம் பை ஒன்றுக்கு 15 சதம் வரி. கவனியுங்கள்: விலையன்று, வரி. அப்பணம் வியாபாரியிடம் தங்கவில்லை; சுற்றாடலுக்கென்றே வகுத்த பொது நிதிக்குச் சென்றது. ஆளொருவர் ஆண்டில் 328 பை பாவித்த அந்நாட்டிலே பாவனை 21 ஆகச் சரிந்தது. சில ஆண்டுகளில் மறுபடி எண்ணிக்கை தலைதூக்கக் கண்டதும், 2007இல் வரியை 22 சதமாக உயர்த்தினார்கள். மறுபுறம், அதே 2002இலே மெல்லிய பொலித்தீன் பையை முழுதாகத் தடை செய்து உலகுக்கு முதல்வனாய் நின்றது வங்காளதேசம். 1988இலும் 1998இலும் டாக்கா வெள்ளத்தில் அமிழ்ந்தபோது வடிகாலை அடைத்தது பையே என்று கண்ட தேசம் அது. தடை ஏட்டிலே நின்றது. பை சந்தையிலே நின்றது. 2024இல் மறுபடியும் அதே தடையை அறிவிக்க வேண்டியதாயிற்று. சட்டத்தின் கடுமையன்று, அதன் கை எங்கே நீள்கிறது என்பதே கேள்வியென்பதற்கு இவ்விரு நாடுகளைவிட வேறு சான்று வேண்டுமா?

இலங்கையில் அந்தக் கை எங்கே நீளவேண்டும்? இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. புதிய பொலித்தீன் மூலப்பொருள் ஒரு மணியேனும் இந்நாட்டிற் பிறப்பதில்லை. அனைத்தும் கப்பலில் வருகிறது, துறைமுகத்தில் இறங்குகிறது, சுங்கத்தாரின் ஏட்டிலே தொன் கணக்கிற் பதிவாகிறது. வாசல் ஒன்று. வாசலில் நிற்பவனும் அரசாங்க உத்தியோகத்தன். அங்கே நிறுத்த வேண்டியதை நிறுத்தலாம், வரி விதிக்க வேண்டியதற்கு விதிக்கலாம், கணக்கும் கேட்கலாம். அதை விடுத்து, அந்த மணி உருகிப் பையாகி, மொத்தக்கடை, சில்லறைக்கடை என்று இலட்சம் கைகள் மாறி, களுதாவளைச் சந்தியிலே வெற்றிலை வாங்கியவளின் விரலிலே தொங்கும்போது வந்து பிடிப்போமென்கிறார்கள். திருடன் படலையால் நுழையும்போது உறங்கிவிட்டு, பொருள் ஊரெல்லாம் பங்கான பிறகு வீடு வீடாய்ச் சோதனையிடும் விதானையை ஊரார் எப்படி மதிப்பார்கள்?

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பாற் கடலிலே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சிங்கப்பூர்க் கப்பல் தீப்பற்றியதும், ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் பனிபோற் குவிந்ததும் எவருக்கும் மறந்திராது. 2025 ஜூலை 24ஆம் திகதி உயர் நீதிமன்றம் அக்கப்பலுக்குடையவர்கள் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவனே ஈடு செய்யவேண்டும் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. தலைவணங்குகிறோம் அந்த நீதிக்கு. அந்நியக் கப்பல் கொட்டிய மணிக்கு அந்நியன் ஈடு செய்ய வேண்டுமெனில், அதே மணியைச் சட்டப்படி இறக்கி, பையாக்கி, ஊரூராய்க் கொட்டும் உள்நாட்டு முதலாளிக்கு மட்டும் வேறு நீதியா? கப்பலிலே வந்தது ஒரு தடவை. இவனுடையது நாள்தோறும் வருகிறது.

இங்கேதான் மீள்சுழற்சி என்ற மந்திரம் ஓதப்படுகிறது. பையைக் குறைக்க வேண்டியதில்லை, ஒழுங்காகச் சேர்த்துக் கொடுத்தாற் போதும், அது மறுபிறவி எடுக்கும் என்கிறார்கள். எண்ணிப் பார்ப்போம். சாதாரணப் பை ஒன்று ஐந்து கிராம் நிறையென்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ சேர்க்க 200 பை பொறுக்க வேண்டும். பழைய இரும்பும் போத்தலும் தேடிச் சைக்கிளில் வரும் வியாபாரி, இரும்புத் துண்டொன்றைக் குனிந்தெடுத்தாற் கிடைப்பதை, பைக்காக இருநூறு தடவை குனிந்தாலும் காணமாட்டான். பொறுக்கியதும் போதாது. மீன் இரத்தமும் கறிக்குழம்பும் மணலும் ஒட்டிய பையைக் கழுவவேண்டும், கழுவியதை உலர்த்தவேண்டும், நிறம் பிரிக்கவேண்டும். பிரிக்காமல் உருக்கினாற் கறுத்த மணியே வரும். அதிலே செய்யக்கூடியது கறுப்புக் குழாயும் குப்பைப் பையும்தான். மெல்லிய தாளோ அரைக்கும் எந்திரத்தின் அச்சிலே கயிறாய்ச் சுற்றி ஆலையையே நிறுத்திவிடும். இவ்வளவையும் கடந்து 300 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் ஏற்றிக் கொழும்புப் பக்கத்து ஆலைக்கு அனுப்பினால், லொறி ஏற்றிச் சென்றதில் பெரும்பங்கு காற்று! புதிய மணி அதைவிட மலிவாகத் துறைமுகத்தில் இறங்கும்போது, அழுக்குப் பையை எந்த முதலாளி காசு கொடுத்து வாங்குவான்?

இது எம் ஊரின் இயலாமையுமன்று. 2015 வரை உலகம் செய்து குவித்த பிளாஸ்டிக் 830 கோடி தொன் என்றும், கழிவானதில் மீள்சுழற்சி கண்டது நூற்றுக்கு 9 பங்கே என்றும் 2017இல் அமெரிக்க ஆய்வாளர் கணக்கிட்டு வெளியிட்டனர். செல்வமும் எந்திரமும் நிறைந்த தேசங்களையும் சேர்த்தே அந்த ஒன்பது. போத்தலை மீட்கலாம், தடித்த வாளியை மீட்கலாம்; அதற்காக ஊர்தோறும் ஏற்பாடு செய்யட்டும், நாம் தோள் கொடுப்போம். மெல்லிய பைக்கு மீள்சுழற்சி என்பது, தொடர்ந்து செய்வதற்கு முதலாளி வாங்கிக்கொண்ட பாவமன்னிப்புச் சீட்டேயன்றி வேறில்லை.

சேராத பை எங்கே போகிறது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தைப் புரட்டினால், சேகரிக்கப்படும் குப்பையெல்லாம் சபையின் உடைமை என்று கண்டிருக்கிறது. கொழும்பார் எமக்கு மனமுவந்து பகிர்ந்தளித்த அதிகாரம் இதுவன்றோ! இலாபம் அவர்களுக்கு; எச்சம் எமக்கு. உழவு இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றவே வருமானம் போதாத கிராமத்துச் சபைகள், எவனோ செய்த பையை எங்கே கொண்டு கொட்டுவதென்று காணியாய்க் காணியாய்த் தேடி அலைகின்றன. அலைந்து கொட்டினால் என்ன ஆகுமென்பதற்கு வெகுதூரம் போகவேண்டாம். எமக்குத் தெற்கே அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிலே, பல ஊர்க் குப்பையையும் காட்டோரத்தில் திறந்தவெளியாய்க் கொட்டினார்கள். யானைகள் வந்தன. உணவு நாற்றத்துக்காகப் பையோடு விழுங்கின. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் அவ்விடத்தில் மாண்டனவென்று 2022 ஜனவரியிற் செய்தி வந்தது. வயிற்றைக் கீறிப் பார்த்த வைத்தியர்கள் கண்டது பொலித்தீன். அகழி வெட்டினார்கள், வேலி போட்டார்கள். பை செய்தவனுக்கு ஒரு கடிதமேனும் போனதாக நாமறியோம்.

வாகனம் வராத ஒழுங்கையிலே வாழும் குடும்பம் என்ன செய்யும்? எறிதல் குற்றம். எரித்தலும் 2017 முதற் குற்றம். புதைத்தால் கிணறு கெடும். விழுங்கச் சொல்கிறார்களா?

ஆலையை நிறுத்தினால் தொழிலாளி பிழைப்பதெப்படி என்று மறுப்போர் உளர். தொழிலாளியின் வயிற்றை நாம் மறந்தவர்களல்லர். ஆனால் இத்தனை தடைக்கும் ஒவ்வொரு தடவையும் ஆண்டுக்கணக்கிலே தவணை கேட்டு வாங்கிய முதலாளி, அத்தவணையிலே தொழிலாளிக்கு மாற்றுத் தொழில் பழக்கினானா? ஏழைக்கு மலிவான பை வேண்டுமே என்றும் கண்ணீர் வடிக்கிறார்கள். ஏழையிடம் பை இருந்தது, ஐயா! அதைப் பறித்தவர்கள் நீங்கள்.

ஆம், இருந்தது. வாவிக்கரையிலே வளர்ந்த பன்னை அறுத்து உலர்த்திப் பாய் இழைத்த கைகள் பையும் இழைத்தன. பனையோலையால் உமலும் கடகமும் பெட்டியும் பின்னினார்கள். மீன் வாங்கப் போகிறவன் உமலோடு போனான். கட்டுச்சோறு வாழையிலைக்குள்ளே மணந்தது. பன்னும் ஓலையும் பின்னிய தாய்மாரின் வருமானத்தை அடித்து வீழ்த்தியது எந்தச் சட்டமுமன்று. இலவசமாய் நீட்டப்பட்ட பை. சுவீடன் தேசத்துக் கம்பனியொன்று 1960களிலே உரிமம் பெற்றுப் பரப்பிய அந்தக் கைபிடிப் பை, மட்டக்களப்புப் பனந்தோப்புக்குள்ளே புகுந்து எம் கைத்தொழிலை அரைத் தலைமுறையிலே தின்று தீர்த்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலே ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் பொருட்கள் பதினான்கு தடை செய்யப்பட்டன. 2021 டிசெம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று அரசே இயக்கம் தொடங்கியது. கலியாண வீட்டுத் தாம்பூலம் போட்டுத் தந்த பழைய துணிப்பையைக் கையில் எடுக்க அவர்கள் வெட்கப்படவில்லை. வெற்றிலை விளையும் ஊரிலே தாம்பூலத்தைப் பொலித்தீனில் இட்டு நீட்ட நாம் மட்டும் ஏன் வெட்கப்படவில்லை?

இவ்விடத்தில் எம் வீட்டையும் கூட்டத்தான் வேண்டும். சுயம்புலிங்கப் பிள்ளையாருக்கு ஏற்றது அறுகும் இலையும்; பிளாஸ்டிக் மாலையன்று. திருவிழாக் காலத்தில் அர்ச்சனைத் தட்டு பையிலே வருவதையும், அன்னதானச் சோறு பொலித்தீன் தாளிலே விழுவதையும் நிறுத்துவதற்குக் கொழும்பின் வர்த்தமானி வேண்டியதில்லை. ஆலய பரிபாலனசபையின் ஒரு வரி அறிவித்தல் போதும். மரக்கறிச் சந்தைக்குச் சாக்கோடும் கூடையோடும் போவதற்கும் எவர் அனுமதியும் வேண்டியதில்லை. இதைச் செய்யாமல் அரசை மட்டும் ஏசுவது வீண் வாய்ப்பந்தல். ஆனால் இதை மட்டும் செய்துவிட்டு அரசை விட்டுவிடுவது அதனினும் பெரிய ஏமாற்று. உலகிலே கடலுக்குள் பிளாஸ்டிக் விடும் தேசங்களில் இலங்கை ஐந்தாவதென்று 2015இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அக்கணக்கு மிகையென்று மறுத்தவர்களும் உண்டு. ஐந்தாவதோ ஐம்பதாவதோ, அவமானத்தை ஊரூராய்ப் பங்கிட்டவர்கள் இலாபக் கணக்கை எவருக்கும் காட்டவில்லை. 2025 ஓகஸ்டில் ஜெனீவாவில் உலக நாடுகள் கூடிப் பிளாஸ்டிக் உடன்படிக்கை காணாமற் கலைந்ததும், உற்பத்தியைக் குறைப்பதா, குப்பையை மட்டும் பேசுவதா என்ற இதே பிணக்கினாற்றான்.

ஆகவே எம் கோரிக்கை இது. பைக்கு வைத்த விலை வரியாகட்டும். துறைமுக வாசலிலே, இறக்குமதி செய்பவனிடமே அறவிடப்படட்டும். அதன் பெரும்பங்கு குப்பை சுமக்கும் பிரதேச சபைகளுக்குச் சட்டப்படி வந்து சேரட்டும். செய்தவன் எவனோ அவனே தன் பங்குக் கழிவை ஊரிலிருந்து ஏற்றிச் செல்லவேண்டுமென்று விதிக்கட்டும். ஏற்ற இயலாதெனில் செய்யாதிருக்கட்டும். பன்னுக்கும் ஓலைக்கும் துணிக்கும் அவ்வரியிலிருந்து முதல் கொடுக்கட்டும்.

2025 மே மாதத்தில் வாக்குக் கேட்டு எம் ஒழுங்கைகளின் மணலிலே கால் புதைய நடந்தவர்கள், மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச சபையின் அடுத்த கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக்கிக் கொழும்புக்கு அனுப்பட்டும். மட்டக்களப்பின் பேரால் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருப்போர், எம் சுத்த உணர்ச்சியைப் பற்றி அமைச்சர் எவரேனும் அடுத்த முறை வாய் திறக்கும்போது, எழுந்து மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். சென்ற ஆண்டு துறைமுகத்தில் இறங்கிய பொலித்தீன் மூலப்பொருள் எத்தனை தொன்? இறக்கியவர்கள் எவர் எவர்? அதிலே எத்தனை தொன்னை அவர்கள் திரும்ப ஏற்றிச் சென்றார்கள்?